வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீங்க



கீழச்சிவல்பட்டியிலிருந்து காலையில் பஸ் ஏறிக் காரைக்குடிக்குப் போகிற ஒரு தங்கச்சியை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் முதல் பட்டதாரி. முனைவர் பட்ட ஆய்வில் மூன்றாவது வருஷம். ஒருநாள் சாயங்காலம் லேபைப் பூட்டப் போகிற நேரத்தில் நெறியாளர் மூன்று தாளை நீட்டுகிறார். "ஆடிட்டுக்கு வேணும்மா, ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போ."

முதல் தாள், சென்னைக்குப் போய் வந்ததாக ஒரு பயணப்படி பில். அவள் சென்னைக்குப் போகவே இல்லை. இரண்டாவது, ரசாயனம் வந்து சேர்ந்ததாக ஒரு ரசீது. அந்தப் பாட்டில் லேபில் எந்த அலமாரியிலும் இல்லை. மூன்றாவது தாளில் ஒன்றுமே எழுதவில்லை. கீழே ரெவின்யூ ஸ்டாம்ப் மட்டும் ஒட்டியிருக்கிறது.

யார் இந்தப் பொண்ணு, எந்த காலேஜ், எந்த சார் என்று கமெண்டில் கேட்காதீர்கள். பேச்சுக்கு வைத்துக்கொண்ட ஆள்தான் அவள். ஆனால் உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஆய்வு மாணவர் யாராவது இருந்தால், இந்த மூன்று தாளின் கதையைச் சொல்லிப் பாருங்கள். முகத்தைக் கவனியுங்கள்.

அவள் என்ன செய்யணும்? இன்றைய தலையங்கம் இதைப் பற்றித்தான். கட்சிப் பக்கத்தில் இதெல்லாம் எதற்கு என்று சிலருக்குத் தோணலாம். ஆய்வுக்கு வருகிற பணம் வானத்திலிருந்து விழுவதில்லை. தீப்பெட்டி வாங்கும்போது நீங்களும் நானும் கட்டுகிற வரிதான், டெல்லிக்குப் போய், துறைக்குப் போய், அங்கிருந்து பல்கலைக்கழகக் கணக்குக்கு வருகிறது. ரோட்டு ஒப்பந்தத்தில் கமிஷன் என்றால் நாம் கொடி பிடிக்கிறோம். லேபில் நடந்தால் மட்டும் "படிச்சவங்க விஷயம், நமக்கெதுக்கு" என்று ஒதுங்கிவிடுகிறோம்.

முதலில் இந்தப் பணம் எப்படி வருகிறது என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம். ஏனென்றால் பல மாணவர்களுக்கே இது தெரியாது. தெரியாமல் வைத்திருப்பதில்தான் பாதி தப்பு நடக்கிறது.

மாணவர் கைக்கு நேராக வருவது ஃபெலோஷிப். யுஜிசி ஜேஆர்எஃப் என்றால் 2023 ஜனவரி 1 முதல் மாதம் 37,000 ரூபாய், எஸ்ஆர்எஃப் ஆனதும் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. அது நேராக மாணவரின் வங்கிக் கணக்குக்கு வரும். ஆனால் ஒவ்வொரு மாதமும் "இந்த மாணவர் ஆய்வில் இருக்கிறார்" என்று நிறுவனத்திலிருந்து இணையத்தில் உறுதி செய்யணும். மேக்கர், செக்கர் என்று இரண்டு பேர் அதற்கு. அந்த ஒரு பொத்தானை அழுத்தாமல் விட்டால் பணம் நின்றுவிடும். "மாசம் இவ்வளவு எனக்குக் கொடுத்துடு" என்று யாராவது கேட்டால் மாணவர் மறுக்க முடியாமல் போவது இந்தப் பொத்தானால்தான். ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலா 2016 ஜனவரி 17 அன்று இறந்தபோது அவருக்கு ஏழு மாத ஃபெலோஷிப் பாக்கி இருந்தது. அவர் விஷயம் வேறு, அங்கே பணக் கையாடல் பிரச்சினை இல்லை. ஆனால் உதவித்தொகை நின்றால் ஒரு ஆய்வு மாணவனின் கழுத்து எப்படி இறுகும் என்பதை நாடே அன்றைக்குப் பார்த்தது.

இன்னொன்று ப்ராஜெக்ட் பணம். மத்திய அறிவியல் துறையோ வேறு நிதி நிறுவனமோ நெறியாளர் பெயரில் ஒரு திட்டத்துக்கு ஒதுக்குவது. அதற்கு ஒரு அனுமதி ஆணை வரும். கருவிக்கு இவ்வளவு, ஆள் சம்பளத்துக்கு இவ்வளவு, ரசாயனம் மாதிரி தீர்ந்துபோகிற பொருளுக்கு இவ்வளவு, பயணத்துக்கு, சில்லறைச் செலவுக்கு, நிறுவனத்துக்கு என்று தலைப்பு வாரியாகப் பிரித்திருக்கும். செலவு செய்தபின் 'பயன்பாட்டுச் சான்றிதழ்' அனுப்பணும். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017 இருக்கிறதே, அதில் 238வது விதி, படிவம் 12-ஏ. வாங்கிய கருவியெல்லாம் சொத்துப் பதிவேட்டில் ஏறணும்.

இந்த மூன்றும்தான் சாவி. அனுமதி ஆணை, பயன்பாட்டுச் சான்றிதழ், சொத்துப் பதிவேடு. எத்தனை ஆய்வு மாணவர்கள் தாங்கள் வேலை பார்க்கிற ப்ராஜெக்டின் அனுமதி ஆணையைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்?

இதை நினைக்கும்போது நம்ம செட்டிநாட்டின் பழைய ஏற்பாடு ஒன்று ஞாபகம் வருகிறது. பர்மா, மலேயா, இலங்கை என்று நகரத்தார் கடை வைத்திருந்த காலத்தில், ஊரிலிருந்து கப்பலேறிப் போகிற பையன் முதலில் 'பெட்டியடிப் பையன்'. பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எடுபிடி வேலை செய்துகொண்டே கணக்குப் பழகுவான். குறிப்பேடு, பேரேடு, ஐந்தொகை என்று ஒவ்வொன்றாக ஏறுவான். பிறகு அடுத்தாள், அப்புறம் மேலாள். மேலாளுக்கு மூன்று வருஷக் கணக்கு. ஐந்தொகை ஊரில் இருக்கிற முதலாளிக்கு வந்து சேரணும். (அந்தக் கடைகளைப் பற்றிப் பர்மா விவசாயியிடம் கேட்டால் அவர் வேறு கதை சொல்வார். அது இன்னொரு நாளைக்கு.) இன்றைய ப்ராஜெக்டும் பெரும்பாலும் மூன்று வருஷம்தான். ஆய்வு மாணவர்தான் பெட்டியடியில் உட்கார்ந்திருக்கிறார். பெட்டியடிப் பையனுக்குப் பேரேடு படிக்கத் தெரியும். இவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கையெழுத்து மட்டும் கேட்கிறார்கள்.

சரி, இப்போது ஒரு உண்மைச் சம்பவம். அமெரிக்காவில் நடந்தது. ஏன் அமெரிக்கா என்றால், அங்கே மாணவர்கள் என்ன செய்தார்கள், அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பது முழுதாகப் பதிவாகியிருக்கிறது. நம் ஊரில் இப்படிப்பட்டவை பெரும்பாலும் ஹாஸ்டல் ரூமோடு முடிந்துவிடும்.

விஸ்கான்சின் பல்கலைக்கழகம், மேடிசன் நகரம். எலிசபெத் குட்வின் என்ற மரபியல் பேராசிரியை. 2005 கடைசியில் அவருடைய மாணவர் ஒருவர், பேராசிரியை மத்திய அரசிடம் பணம் கேட்டு எழுதிய விண்ணப்பத்தைப் படிக்கிறார். அதிலிருந்த படங்களும் தரவுகளும் லேபில் நடந்த சோதனையோடு ஒத்துப்போகவில்லை. நடக்காத சோதனை நடந்ததாக இருக்கிறது. லேபில் ஆறு ஆராய்ச்சி மாணவர்கள். உடனே புகார் கொடுத்தார்களா? இல்லை. முதலில் பேராசிரியையிடமே கேட்டார்கள். ஃபைல் மாறிப்போச்சு என்கிற மாதிரி பதில் வந்தது, அது ஒட்டவில்லை. பிறகு தங்களுக்குள் பேசினார்கள், திரும்பத் திரும்பப் பேசினார்கள். புகார் கொடுத்தால் லேப் மூடப்படும், எல்லோருடைய பட்டமும் தொங்கும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் போவது என்று இருந்து, கடைசியில் ஒன்றாகத்தான் நிர்வாகத்திடம் போனார்கள்.

குட்வின் 2006 பிப்ரவரியில் ராஜினாமா செய்தார். பல்கலைக்கழக விசாரணையில் மூன்று நிதி விண்ணப்பங்களில் மோசடி தெரிந்தது. 2010இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டனை என்ன தெரியுமா? இரண்டு வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பு, 500 டாலர் அபராதம். கூடவே அரசுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் பணம் திருப்பிக் கட்டணும்.

மாணவர்களுக்கு என்ன ஆச்சு? சிலர் பல வருஷ ஆய்வைப் போட்டுவிட்டு வெளியே போனார்கள். சிலர் வேறு ஊருக்குப் போய் முதலிலிருந்து தொடங்கினார்கள். தப்புச் செய்தவர் 500 டாலர் கட்டினார்; தப்பைச் சொன்னவர்கள் இளமையில் பல வருஷத்தைக் கட்டினார்கள். சரியாகச் செய்தால் எல்லாம் நல்லபடியாக முடியும் என்று நாம் யாருக்கும் பொய் சொல்லப் போவதில்லை.

அதே அமெரிக்காவில் இன்னொன்றும் நடந்தது. ட்யூக் பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வக ஊழியர், பல்கலைக்கழகக் கார்டில் சொந்தச் சாமான் வாங்கிப் போலி ரசீது வைத்தது 2013இல் பிடிபட்டது. சில்லறைத் திருட்டு என்று அதோடு விட்டிருக்கலாம். தோண்டியபோது அவர் கொடுத்த ஆய்வுத் தரவுகளே பொய் என்று தெரிந்தது. அதே துறையில் வேலை பார்த்த ஜோசப் தாமஸ் என்பவர், அரசை ஏமாற்றி வாங்கிய பணத்துக்கு எதிரான சட்டத்தில் வழக்குப் போட்டார். 1863இல் லிங்கன் காலத்தில் வந்த சட்டம் அது. 2019 மார்ச்சில் பல்கலைக்கழகம் 11.25 கோடி டாலர் கட்ட ஒத்துக்கொண்டது. அதில் தாமஸுக்குச் சட்டப்படி கிடைத்த பங்கு 3.375 கோடி டாலர். காட்டிக்கொடுத்தவனுக்குக் காசா என்று முகம் சுளிக்காதீர்கள். வேலையும் எதிர்காலமும் போகும் என்று தெரிந்தே பேசுகிறவருக்கு அந்த நாட்டுச் சட்டம் ஒரு பிடிமானம் கொடுக்கிறது. நம்மிடம் அப்படி ஒரு சட்டம் இல்லை.

இந்த இரண்டிலும் ஒன்றைக் கவனித்தீர்களா? ரசீதில் பொய் எழுதத் துணிகிற இடத்தில் சில சமயம் தரவிலும் பொய் இருக்கிறது. அப்போது மாணவரின் ஆய்வேடே அந்தப் பொய்யின் மேல் நிற்கும். ஆகவே இது நேர்மை பற்றிய பிரச்சினை மட்டும் இல்லை. அவருடைய சொந்த உழைப்பைக் காப்பாற்றுகிற பிரச்சினையும்கூட.

இனி மறுபக்கத்தையும் சொல்லியாகணும். நம்ம பக்கத்தைப் படிக்கிறவர்களில் பேராசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் கோபம் எனக்குத் தெரியும்.

மத்திய நிதி நேரத்துக்கு வருவதில்லை. ஏப்ரலில் வரவேண்டியது ஜனவரியில் வரும். மார்ச் 31க்குள் செலவு செய் என்று கடிதமும் கூடவே வரும். நடுவில் உதவியாளர் பையனுக்கு நெறியாளர் தன் சம்பளத்திலிருந்து கொடுத்திருப்பார். அவசரத்துக்கு ஒரு தலைப்பில் இருந்த பணத்தில் இன்னொன்றை வாங்கியிருப்பார். நிதி நிறுவனத்திடம் அனுமதி வாங்கித் தலைப்பு மாற்றியிருக்கவும் செய்வார். அந்தக் கடிதம் மாணவர் கண்ணில் பட்டிருக்காது. கருவி வீட்டில் இருக்கிறது என்று பார்த்தால், கள ஆய்வுக்கு எடுத்துப் போக வசதியாக வைத்திருப்பார், பதிவேட்டில் எழுதியும் இருப்பார். வெளியிலிருந்து பார்த்தால் இதெல்லாம் திருட்டு மாதிரியே தெரியும். கையில் காசில்லாமல், விதியைக் கொஞ்சம் வளைத்து, லேபை உயிரோடு வைத்திருக்கிற நல்ல ஆசிரியர்கள் உண்டு. அவர்களைத் திருடர் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

ஆனால் போகாத ஊருக்குப் பயணப்படி, வராத பாட்டிலுக்கு ரசீது, மாணவரின் உதவித்தொகையில் பங்கு, வெற்றுத்தாளில் ஸ்டாம்ப். இந்த நான்குக்கும் தாமதமாக வந்த நிதி சமாதானம் ஆகாது.

அதனால் அந்தத் தங்கச்சிக்கு நாம் சொல்வது, முதலில் அன்றைக்குச் சாயங்காலமே கையெழுத்துப் போட வேண்டாம். வீராவேசமாகவும் மறுக்க வேண்டாம். பயத்தையே காரணமாகச் சொல்லலாம். "சார், நான் போகாத டூருக்குக் கையெழுத்துப் போட்டா நாளைக்கு ஆடிட்ல என்னையத்தான் கேப்பாங்க, பயமா இருக்கு சார்." அவ்வளவு போதும். நல்ல ஆள் என்றால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார். தவறுதலாக வந்த தாள் என்றால் திருத்திவிடுவார். மூன்றாவது வகை ஆள் என்றால் அவர் யார் என்று அந்த நிமிஷமே உங்களுக்குத் தெரிந்துவிடும். கையெழுத்தை லேசாக நினைக்காதீர்கள். நம்பிக்கை மோசடிக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவில் 316வது பிரிவு. கணக்கைப் பொய்யாக எழுதுவதற்கு 344வது பிரிவு. விசாரணை என்று வரும்போது தாளில் யார் பெயர் இருக்கிறதோ அவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். சார் சொன்னார் என்பதற்குச் சாட்சி இருக்காது.

'நான் ஏற்கனவே போட்டுட்டேனே' என்கிறவர்கள்தான் அதிகம் இருப்பீர்கள். பதற வேண்டாம். என்றைக்கு, எதற்கு, எவ்வளவு தொகைக்கு, யார் கேட்டார்கள் என்று ஞாபகம் இருக்கும்போதே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பேனாவில், தேதி போட்டு. அப்புறம் ஒரு வக்கீலைப் பாருங்கள். காசுக்கு எங்கே போவது என்றால், சிவகங்கையில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987ஆம் வருஷச் சட்டப்படி பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்கு அடித்தால் வழி சொல்வார்கள். புகார் கொடுப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள், பின்னால் அல்ல.

அந்த நோட்டில் இன்னொரு ஒழுங்கும் வேண்டும். கண்ணால் பார்த்தது ஒரு பக்கம், காதால் கேட்டது எதிர்ப் பக்கம். "சார் கார் வாங்கினது ப்ராஜெக்ட் காசுலதானாம்" என்பதெல்லாம் எதிர்ப் பக்கம். "இன்ன தேதி ரசீதில் இருக்கிற ஐந்து லிட்டர் கரைப்பான் ஸ்டோர் புத்தகத்தில் ஏறவில்லை" என்பது இந்தப் பக்கம். எதிர்ப் பக்கம் மட்டும் நிரம்பிக்கொண்டே போனால் நீங்கள் புகார் கொடுக்கத் தயாராகவில்லை என்று அர்த்தம். உங்கள் கைக்கு முறையாக வந்த காகிதத்தின் நகல் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவர் மேஜை டிராயரைத் திறக்காதீர்கள், அவருடைய மின்னஞ்சலுக்குள் போகாதீர்கள். திருடனைப் பிடிக்கப் போய் நீங்கள் திருடனாகிவிட்டால் வழக்கே திரும்பிவிடும்.

உங்கள் சொந்த ஆய்வை முதலில் பத்திரப்படுத்துங்கள். தரவு, நோட்டு, எழுதிய அத்தியாயம், ஆலோசனைக் குழுக் கூட்டத்தின் குறிப்புகள், உதவித்தொகை ஆணை எல்லாவற்றுக்கும் நகல் வீட்டில் இருக்கட்டும். யுஜிசியின் 2022 முனைவர் பட்ட விதிப்படி ஒவ்வொரு செமஸ்டரும் அந்தக் குழு முன் நீங்கள் நின்று முன்னேற்றத்தைக் காட்ட வேண்டும். அங்கே "திருப்தி" என்று பதிவான ஒவ்வொரு தாளும் உங்களுக்குக் கவசம். நாளைக்குப் புகார் கொடுத்தபின் "இந்தப் பொண்ணு வேலையே செய்யலை" என்று யாராவது சொன்னால் அந்தத் தாள் பேசும்.

உண்மையைத் தெரிந்துகொள்ள இன்னொரு கதவு, தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய், முப்பது நாள். அனுமதி ஆணை, பயன்பாட்டுச் சான்றிதழ், சொத்துப் பதிவேடு மூன்றுக்கும் நகல் கேட்கலாம். ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்கக் கூடாது. சட்டத்தின் 6(2) அப்படித்தான் சொல்கிறது. மாணவர் தன் பெயரில் போட வேண்டாம். இந்திய குடிமகன் யார் வேண்டுமானாலும் போடலாம். இங்கேதான் தோழர்களே, உங்களுக்கு வேலை இருக்கிறது. ஒரு மாணவருக்காக மனுப் போடத் தயங்காத பத்துப் பேர் ஒரு ஒன்றியத்தில் இருந்தால், கொடி கட்டுவதைவிட அது பெரிய வேலை. அந்த ஒரு ப்ராஜெக்டை மட்டும் குறிவைத்துக் கேட்காதீர்கள், கேட்டது யாருக்காக என்று வெளிச்சமாகிவிடும். துறையின் எல்லா ப்ராஜெக்டுக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

இனி எங்கே புகார் கொடுப்பது. இதற்குக் காரைக்குடியையே எடுத்துக்கொள்வோம். (இரண்டு நிறுவனங்களின் பெயரைச் சொல்லப் போகிறேன். சட்டம் எப்படி மாறுகிறது என்று காட்டத்தான். அவற்றின் மேல் எந்தக் குற்றமும் சொல்லவில்லை.) வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் ஊருக்கு வந்தது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நம்ம வாயில் செக்ரி. 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14இல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். அதே வள்ளலின் கல்லூரிகளிலிருந்து வளர்ந்தது அழகப்பா பல்கலைக்கழகம், 1985இல். ஒரே ஊர், ஒரே மனுஷனின் கொடை. ஆனால் முன்னது மத்திய அரசு நிறுவனம், பின்னது மாநிலப் பல்கலைக்கழகம்.

மத்திய நிறுவனத்தில் படிக்கிற மாணவருக்கு அங்கே ஒரு கண்காணிப்பு அதிகாரி உண்டு. அதற்கு மேல் டெல்லியில் மத்திய கண்காணிப்பு ஆணையம். பெயரை ரகசியமாக வைக்கச் சொல்லிப் புகார் கொடுக்க ஒரு தனி ஏற்பாடு இருக்கிறது. 2004இல் வந்த அரசுத் தீர்மானம். தபாலில்தான் அனுப்பணும். மூடிய உறையின் மேல் அந்தத் தீர்மானத்தின் பெயரை எழுதணும். சுருக்கமாக 'பிட்பி' என்பார்கள். உங்கள் பெயரும் முகவரியும் உறையின் மேல் இருக்கக் கூடாது, உள்ளே கடிதத்தில் மட்டும் இருக்கணும். மொட்டைக் கடிதத்தை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆளைத் தெரியாமல் காப்பாற்ற முடியாது அல்லவா.

இந்தத் தீர்மானம் சும்மா வரவில்லை. சத்யேந்திர துபே என்று ஒரு பொறியாளர், கான்பூர் ஐஐடியில் படித்தவர், தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தில் வேலை. தங்க நாற்கரச் சாலையில் நடந்த முறைகேட்டைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். என் பெயரை வெளியிடாதீர்கள் என்று கேட்டிருந்தார். பெயர் அலுவலகம் அலுவலகமாகச் சுற்றியது. 2003 நவம்பர் 27 அதிகாலையில் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகுதான் நீதிமன்றம் கேட்டு, அரசுக்குக் கண் திறந்தது.

மாநிலப் பல்கலைக்கழக மாணவருக்கு இந்தக் கதவு கிடையாது. அந்தத் தீர்மானம் மத்திய ஊழியர்களுக்குத்தான். இவர் பதிவாளரிடம் போகலாம். ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககத்துக்கு எழுதலாம். லோக் ஆயுக்தாவுக்குப் போகலாம். ப்ராஜெக்ட் பணம் டெல்லியிலிருந்து வந்தது என்றால் அதைக் கொடுத்த நிதி நிறுவனத்துக்கே எழுதுவதுதான் பெரும்பாலும் பலன் தரும். அடுத்த தவணையை நிறுத்தும் அதிகாரம் அவர்கள் கையில் இருக்கிறது. பழிவாங்கல் வந்தால், மதிப்பீட்டைத் தாமதிப்பது, உதவித்தொகையை நிறுத்துவது போன்றவை வந்தால், 2023இல் யுஜிசி கொண்டுவந்த மாணவர் குறைதீர்ப்பு விதிகள் இருக்கின்றன. நிறுவனக் குழு 15 வேலை நாளில் அறிக்கை தரணும். திருப்தி இல்லையென்றால் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு. உங்கள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளர் யார் என்று வலைத்தளத்தில் இருக்கணும். இல்லையென்றால் முதல் புகாரை அதற்கே போடுங்கள்.

விசாரணை என்று வந்தால் மத்திய நிறுவனங்களும் தப்புவதில்லை. நாக்பூரில் உள்ள சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிறுவனமான நீரியின் முன்னாள் இயக்குநர் உட்பட ஐந்து பேர் மீது 2024 ஜூலையில் சிபிஐ வழக்குப் பதிந்தது. வழக்குப் பதிந்ததாலேயே குற்றவாளி ஆகிவிட மாட்டார்கள். அதை நீதிமன்றம் சொல்லும். ஆனால் வெள்ளைக் கோட்டைப் பார்த்து எந்த விசாரணை அமைப்பும் ஒதுங்கிப் போகாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது நம்ம அரசியல் கேள்விக்கு வருவோம். தப்பைச் சொல்கிறவரைப் பாதுகாக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. 2014 மே 9இல் குடியரசுத் தலைவர் கையெழுத்தும் போட்டார். மத்திய ஊழியர், மாநில ஊழியர் இருவரைப் பற்றிய புகாருக்கும் பொருந்தும் சட்டம். புகார் கொடுத்தவர் பெயரை வெளியே விட்டால் மூன்று வருஷம்வரை சிறை, 50,000 ரூபாய்வரை அபராதம். தெரிந்தே பொய்ப் புகார் கொடுத்தால் இரண்டு வருஷம்வரை, 30,000 ரூபாய்வரை. இரண்டு பக்கமும் நியாயம் பார்த்த சட்டம்தான். ஆனால் சட்டம் எந்தத் தேதியிலிருந்து அமலாகிறது என்று அரசிதழில் ஒரு வரி வரணும். அந்த ஒரு வரி வரவே இல்லை. 2015இல் அதைத் தளர்த்த ஒரு திருத்த மசோதா மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையைத் தாண்டாமல் நின்றது. மூலச் சட்டம் இன்றுவரை தாளில் இருக்கிறது. அந்தத் தேதியைக் கேட்டு எத்தனை பேர் குரல் கொடுத்தார்கள்? நாம் உட்பட, நியாயமாகச் சொன்னால், போதுமான அளவு கொடுக்கவில்லை.

கடைசியாக ஒன்று. இதைச் சொன்னால் நம்ம ஐடி பிள்ளைகளுக்கே பிடிக்காது. பரவாயில்லை.

அந்தத் தங்கச்சி நம்ம பக்கத்தின் உள்பெட்டிக்கு அந்த மூன்று தாளின் போட்டோவை அனுப்பினால், நாம் அதைப் போட மாட்டோம். நீங்களும் போடாதீர்கள். போட்டால் இரண்டு நாளைக்கு லைக் குவியும், எதிர்த் தரப்பை நாலு வார்த்தை கேட்கலாம், பேராசிரியர் எந்தக் கட்சிக்காரர், என்ன சாதி என்று கமெண்டில் ஆராய்ச்சி நடக்கும். மூன்றாம் நாள் எல்லோரும் வேறு விஷயத்துக்குப் போய்விடுவோம். அந்தத் தாளில் இருக்கிற தேதியையும் தொகையையும் வைத்தே யார் அனுப்பினது என்று அந்த லேபில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்துவிடும். அப்புறம் அவள் மட்டும் தனியாக அந்த பஸ்ஸில் காரைக்குடிக்குப் போகணும். இன்னொன்று, பேராசிரியர் தப்புச் செய்யாதவர் என்று பிறகு தெரியவந்தால், நாம் அழித்த பெயரை எந்த மறுப்புப் பதிவாலும் ஒட்டவைக்க முடியாது.

ஆகவே உள்பெட்டிக்கு ஆவணம் அனுப்பாதீர்கள். பெயர் சொல்லாமல், எந்த மாதிரி நிறுவனம், மத்தியதா மாநிலமா என்று மட்டும் எழுதுங்கள். எந்தக் கதவைத் தட்டுவது என்று நம்ம வழக்கறிஞர் அணித் தோழர்கள் பதில் சொல்வார்கள். தகவல் உரிமை மனு எழுதித் தரத் தயாராக இருக்கிற தோழர்கள், உங்கள் ஒன்றியத்தின் பெயரை மட்டும் கமெண்டில் போடுங்கள். திருப்பத்தூர், காரைக்குடி, தேவகோட்டை பக்கத்துத் தோழர்கள் முதலில் வாங்க.